சர்வர் படுத்துவிட்டால் மெயில் அனுப்புவது யார்?

நான் அடி அண்ணாமலையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கவனிக்க வேண்டிய சர்வர் இருப்பதோ மும்பையில். சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். இரவும் பகலும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதில் புரோகிராமின் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு டிப்ளாய் என்று பெயர். ஒழுங்காக ஏறியதா, பாதியில் நின்றதா என்பதை ஈமெயிலில் தெரிவிக்கும்படி செட் செய்துவிடலாம்.

ஆனால் சர்வரே படுத்துவிட்டால் மெயில் எப்படி வரும்? மெயில் வரவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று இருந்துவிடக் கூடாது. வெளியிலிருந்து வேறொரு கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நம் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது மெயில் அனுப்பும். நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தின் சைட்24×7 செய்வது இந்த வேலையைத்தான்.

அடுத்த தொல்லை, மெயில் குவிவது. பௌர்ணமி இரவில் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். அதில் நடந்துகொண்டே நாற்பது 'வெற்றி' மெயில்களுக்கு நடுவே ஒரு 'தோல்வி'யைத் தேட முடியுமா? ஃபில்டர் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, தேடும் பெட்டியின் வலது ஓர ஐகானை க்ளிக் செய்யுங்கள். அனுப்புநர் முகவரி, தலைப்பில் வரும் சொல் இரண்டையும் கொடுத்து 'கிரியேட் ஃபில்டர்' அழுத்துங்கள். நட்சத்திரம் இடுவது, ஸ்பேமுக்கு அனுப்பாதிருப்பது இரண்டையும் டிக் செய்யுங்கள். வங்கி, மின்கட்டண மெயில்களுக்கும் இதே வழிதான்.

முடித்ததும் வேண்டுமென்றே ஒரு தோல்வி மெயிலை வரவழைத்துச் சோதித்துப் பாருங்கள்.