வலி இல்லாத காலில்தான் ஆபத்து

சர்க்கரை வியாதி உள்ள வியாபாரிகளிடம் "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் சிலர், "முன்பெல்லாம் ராத்திரியில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது" என்பார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் எரிச்சல் நின்றது நரம்பு தேறியதாலா, அல்லது நரம்பு செத்துப் போனதாலா என்று பார்க்காமல் சந்தோஷப்படக் கூடாது. இதை விளங்கிக்கொள்ள, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நரம்பு எது?

கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நாம் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது ரத்தக் குழாய். உண்மையான நரம்பு உள்ளே, வெள்ளை நூல் கயிறு போல இருக்கும். அதில் ரத்தம் ஓடாது, செய்திதான் ஓடும்.

தலைமை அலுவலகம் மூளை. பெரியவர்களுக்கு அதன் எடை சுமார் 1.4 கிலோ. அதிலிருந்து முதுகெலும்புக்குள் சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தண்டுவடம் இறங்குகிறது. மூளையிலிருந்து 12 ஜோடியும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடியும் நரம்புகள் கிளம்பி உடம்பு முழுவதும் கிளை பிரிகின்றன. சில நரம்பிழைகள் செய்தியைக் கொண்டு போய்ச் சேர்க்கும். சில இழைகள் உத்தரவைக் கொண்டு வரும்.

செய்தி போவது ஒருவகை மின்சாரமாக. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துடிப்பதை இத்தாலி நாட்டு கால்வானி 1780-களில் கண்டார். நரம்பில் செய்தி போகும் வேகத்தை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் அளந்து காட்டினார். வேகம் எல்லா இழைகளிலும் ஒன்றல்ல. தடித்த இழைகளில் வினாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். மெல்லிய வலி இழைகளில் வினாடிக்கு 1 மீட்டர் அளவுதான். காலை மூட்டையில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்றும், சற்றுப் பொறுத்து விண்விண் என்றும் வலிப்பது இதனால்தான். முதல் செய்தி வேகமான இழையில் வந்தது. இரண்டாவது மெதுவான இழையில் வந்தது.

எல்லாவற்றுக்கும் மூளையைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஆணியை மிதித்தால் மூளைக்கு வலி தெரிவதற்கு முன்பே தண்டுவடம் உத்தரவு போட்டுக் காலைத் தூக்க வைத்துவிடும். கடையில் தீப்பொறி விழுந்தால், முதலாளி வரட்டும் என்று காத்திராமல் பையன் தண்ணீரை ஊற்றுவது போல.

பாதம் ஏன் முதலில் கெடுகிறது?

காலுக்குப் போகும் நரம்பிழைகளில் சில இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். இந்த உணர்வு இழையின் உயிர்ப்பகுதி முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. விரல்நுனிக்கு வேண்டிய சரக்கு அங்கிருந்துதான் இழையின் உள்ளேயே நகர்ந்து வர வேண்டும். அது வேகமாக வந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதாவது இடுப்பில் ஏற்றிய சரக்கு கட்டைவிரலுக்குப் போய்ச் சேர இரண்டரை நாள். வழியில் கொஞ்சம் கோளாறு வந்தாலும் முதலில் பட்டினி கிடப்பது கடைசி ஊர்தான்.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் ஏறி நிற்கும்போது, நரம்பிழைகளும் அவற்றுக்கு ரத்தம் தரும் நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. ஆகவே நீளமான இழையின் கடைக்கோடியான விரல்களில் கோளாறு ஆரம்பித்து மேலே ஏறுகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே உணர்ச்சி போய்விடுகிறது. செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவார்கள். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் கெடுவதால் பாதம் வறண்டு வெடிக்கும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. நம் கடைவீதியிலும் பலர் இந்தக் கணக்கில் இருப்பார்கள்.

வேலூர் கற்பித்த பாடம்

வலியின் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன இடங்களில் நம் வேலூர் முக்கியமானது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். நோயால் விரல்கள் தானே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்ததில், நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது, பிறகு சூடும் வெட்டும் அழுத்தமும் விரல்களைத் தின்கின்றன என்று தெரிந்தது. தூங்கும்போது எலி கடிப்பதுகூடச் சிலருக்குத் தெரியாததால், நோயாளிகள் பூனை வளர்க்கும்படி ஏற்பாடு செய்தார்.

பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று 1966 முதல் அங்கே பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணுக்கும் இதே காரணம் பொருந்தும் என்று எடுத்துக் காட்டினார். நல்ல நரம்பு உள்ளவன் வெகுநேரம் நின்றால் கால் நோவெடுத்து, தன்னையறியாமல் பாரத்தை மாற்றி மாற்றி நிற்பான். உணர்ச்சி போனவன் ஒரே இடத்தில் அழுத்தம் கொடுத்துக்கொண்டே நிற்பான். அங்கே தோல் நைந்து புண்ணாகும். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு, அன்று தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்திய மெத்தென்ற ரப்பரால் ஆனதுதான்.

நம் கடைக்குள்

நாம் காலை முதல் இரவு வரை நிற்கிறோம். லட்சுமி குடியிருக்கும் இடம் என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். ஆனால் கடைக்குள் தரையில் கிடப்பது என்ன? கோணி ஊசி, பெட்டி ஆணி, தகர டின் மூடி, கட்டுக் கம்பி. எங்கள் மண்டித் தெருவில் ஒரு பருப்பு வியாபாரிக்கு ஒடிந்த கோணி ஊசி பாதத்தில் ஏறியது தெரியவேயில்லை. சாக்ஸில் ரத்தக் கறை பார்த்துப் பேத்திதான் சொன்னாள். கடைசியில் இரண்டு விரல்களை எடுத்துத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

பக்தியை விடச் சொல்லவில்லை. கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். உணர்ச்சி குறைந்தவர்கள் உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதையும் தவிர்க்க வேண்டும். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு வினாடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரியும்போது சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். எல்லாம் தெரிந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். அவர் நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் தொட்டுப் பார்ப்பார். சில நிமிட வேலைதான்.

தினமும் கடை அடைத்து வந்ததும் கல்லாவை எண்ணுவது போலப் பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். சிறு புண்ணானாலும், வலிக்கவில்லையே என்று தள்ளிப் போடாமல் அன்றே காட்டுங்கள்.

மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டுமே காரணம் என்றும் இல்லை. குடிப்பழக்கமும் பி-12 சத்துக் குறைவும் நரம்பைக் கெடுக்கும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவர்களும் பி-12 அளவைப் பார்ப்பது பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளர்ந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். சர்க்கரையால் செத்த நரம்பை முழுதாக மீட்க மருந்து இல்லை. இருப்பைக் காப்பதுதான் வழி.

நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். இனி அதில் பாதப் பரிசோதனையையும் சேர்த்துவிட்டால், உறுப்பினர் பலரின் கால்கள் தப்பும். நிர்வாகிகள் இதை அடுத்த கூட்டத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.