கத்திரி வெயிலுக்குக் குளுகுளு தயிர் சேமியா!

குட்டீஸ், புதுக்கோட்டை கத்திரி வெயிலில் மதியச் சோறு இறங்குகிறதா? இத்தாலியில் கோடை வந்தால், பாஸ்தாவை வேக வைத்து, ஆற வைத்து, காய்கறி கலந்து சாலட்டாகச் சாப்பிடுவார்கள். பாஸ்தாவின் ஒல்லித் தம்பிதான் நம் சேமியா. அதில் தயிர் சேர்த்தால் நம்ம ஊர் சாலட் ரெடி!

ஒரு டம்ளர் வறுத்த சேமியாவுக்கு ஆறு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே சேமியாவைப் போட வேண்டும். மூன்று நிமிடம் கழித்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் போதும், குழையக் கூடாது. வடிகட்டுவது மட்டும் அம்மா அல்லது அப்பா வேலை. கொதிநீரில் விளையாட்டு வேண்டாம்!

இனிதான் விஷயமே இருக்கிறது. வடித்ததும், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றி அலசுங்கள். ஏன் தெரியுமா? சூட்டில் மாவுச்சத்து உப்பிக் கசிந்து பசையாகிவிடும். போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் மைதா பசையும் இதே கதைதான்! அலசினால் பசை போகும், மேற்கொண்டு வேகாது. சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை இத்தாலிக்காரர்கள் அலசுவதில்லை. சாஸ் ஒட்டிக்கொள்ள அந்தப் பசை வேண்டுமே!

நன்றாக ஆறியதும் ஒரு டம்ளர் புளிக்காத தயிர், பொடியாக நறுக்கிய வெள்ளரி, கேரட் துருவல், மாதுளை முத்துகளைக் கலக்குங்கள். சூட்டோடு தயிர் ஊற்றினால் திரிந்துவிடும், ஜாக்கிரதை! தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி விற்பார்களே, அதில் நாலைந்தை உடைத்து மேலே தூவினால்... ஆஹா! முந்திரி இல்லையா? வறுத்த நிலக்கடலை போதும்.

கடுகு, பச்சை மிளகாய் தாளிக்கப் பாட்டியைக் கூப்பிடுங்கள். கலந்த சூட்டோடு... இல்லையில்லை, கலந்த குளிர்ச்சியோடு சாப்பிட்டுவிடுங்கள். இந்த வெயிலில் சாயங்காலம் வரை வெளியே வைத்தால் கெட்டுவிடும்.