ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறுகண்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இன்று ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. நாளை நேராக இருக்கிறது. மறுநாள் மீண்டும் திரும்புகிறது. பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என வரும் இந்தச் சுழல் மாறுகண் மிக அரிது. மாறுகண் உள்ள சில ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கே காணப்படுகிறது. அரிது என்பதாலேயே இது எளிதில் தவறவிடப்படுகிறது. கே.ஜி.கண்டிகை போன்ற ஓர் ஊரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு, 1819இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் நாள் கண் நேராக இருக்கும் நாளாக அமைந்துவிட்டால், மருத்துவர் எதைப் பார்ப்பார்? ஆகவே தேதியோடு எடுத்த செல்போன் படங்களே இங்கே முதல் சான்று.

தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். பிறந்த முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகுவது இயல்புதான். மூன்று வயதுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. கவனிக்காமல் விட்டால், நாளடைவில் பலருக்கு அது நிரந்தர மாறுகண்ணாகிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையோ பார்வையையே பறிக்கக்கூடியது. மருத்துவர் அறுவை சிகிச்சை செய்யச் சொன்னால், நேராக இருக்கும் நாள்களும் உண்டே, அறுவை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கண் விலகியிருக்கும் நாளில் அளந்த கோணத்துக்கு ஏற்ப அறுவை செய்யும்போது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தச் சுழற்சியே நின்றுவிடுகிறது.