ஃபேன் பெல்ட் கத்துதா? பழைய டீசல் பிக்கப் சொல்ல வர்றது இதுதான்!

காலையில் ஸ்டார்ட் பண்ணதும் 'கீச்'னு கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்குதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ந்து வழவழப்பாகவும் ஆகியிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது, கை படாமல் தள்ளி நின்று, பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்யுங்கள்.

• சத்தம் கூடினால்: டைட் பத்தலை.
• சில நொடி நின்று திரும்பி வந்தால்: புல்லிகள் நேராக இல்லை.
• மாறாமல் 'கரகர' என்றால்: பேரிங் மேல் சந்தேகம். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஓடும்போது திடீர்னு பேட்டரி லைட் எரியுதா? பெல்ட் அறுந்திருக்கலாம். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது; அதனால் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'ஓடுதே'னு நம்பிப் போகாதீங்க. பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழலும். உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெல்ட் செலவு, ஹெட் கேஸ்கெட் செலவாகிவிடும்!