ஆற்றால் செரிக்க முடியாத கழிவு

ஓடும் ஆற்றில் ஒரு வாழையிலை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் அது இருந்த இடம் தெரியாது. நீரிலுள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் உப்புகளாகவும் மாற்றிவிடும். ஆறு தன்னைத்தானே தூய்மை செய்துகொள்கிறது என்பது இதைத்தான்.

அதே ஆற்றில் ஒரு கிராம் குரோமியம் கலந்தால்? நூறு ஆண்டுகள் கழிந்தாலும் அந்த ஒரு கிராம் எங்கேனும் இருந்தே தீரும். குரோமியம் ஒரு தனிமம். அதன் அணுக்கருவில் 24 புரோட்டான்கள் உள்ளன. நுண்ணுயிரிகளும் வெயிலும் நெருப்பும் நிகழ்த்துபவை வேதி மாற்றங்களே. அவை அணுவின் வெளி எலெக்ட்ரான்களைத்தான் மாற்றும், அணுக்கருவைத் தொடா. ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

நம் பாலாற்றைப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல உள்ளன. முன்பு ஆவாரம் பட்டையால் தோலைப் பதனிட்டனர். பின்னர், வேலையை விரைவில் முடிக்கும் குரோமிய உப்பு வந்தது. வழக்கமான முறையில் அந்த உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறும். பாலாறோ ஆண்டில் பெரும்பகுதி வறண்ட மணல்; கழிவை அடித்துச் செல்ல அங்கே வெள்ளம் இல்லை.

தோல் பதனிட உதவுவது மூவிணைதிறக் குரோமியம். இது பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். ஆறிணைதிறக் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து கிணறுகளை எட்டும். புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, இவ்வகைக் குரோமியம் கலந்த கழிவை 2 லட்சம் டன்னுக்கு மேல் குவித்துவிட்டுச் சென்றது.

குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை, அதாவது 20 லிட்டர் கொள்ளும் ஆயிரம் குடங்களை, அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்!

இதற்கு வழி யாது? 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் மண்ணில் பரவிய பின் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே தொழிற்சாலைத் தொட்டியிலேயே பிடிக்கவேண்டும். கழிவுநீரில் மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் வீழ்படிவாகும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடும் உப்பு கிடைக்கும். ஆற்றைக் கெடுத்த அந்த 'அழியாத' பண்பே இங்கே நமக்குத் துணைநிற்கிறது. அழியாத பொருளைத்தானே திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும்!