எல்லையின் இருபுறமும் மரணக் கணக்கு

மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. மலைத்தொடர் ஒன்றே, இருபுறத்து மக்களும் வந்து போகின்றனர். ஆயினும், 2020-இல் பரவத் தொடங்கிய கொரோனா நோயின் மரணக் கணக்கு இவ்விரு மாநிலங்களிலும் பெரிதும் வேறுபடுகிறது.

கேரளத்தில் பதிவான கொரோனா மரணங்கள் ஏறத்தாழ 72,000. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 38,000. கேரளத்தின் மக்கள்தொகையோ தமிழ்நாட்டினதில் பாதிக்கும் குறைவு. எனவே, இலட்சம் மக்களுக்கு இத்தனை மரணம் எனக் கணக்கிடின், கேரளத்தின் விகிதம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இனி, வகுக்கும் எண்ணை மாற்றிப் பார்ப்போம். நோயுற்றோராகப் பதிவானவர்கள் கேரளத்தில் சுமார் 69 இலட்சம். தமிழ்நாட்டில் சுமார் 36 இலட்சம். இவர்களுள் இறந்தோர் இரு மாநிலங்களிலும் நூற்றுக்கு ஒருவரே! மரணங்கள் அவையே, வகுத்த எண் மாறியதும் வேற்றுமை மறைந்தது.

2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடைபெற்ற இரத்தப் பரிசோதனை ஆய்வில், நோய் எதிர்ப்பொருள் பெற்றிருந்தோர் கேரளத்தில் நூற்றுக்கு 44 பேர். தமிழ்நாட்டில் 69 பேர். அதுவரை கேரளத்தில் நோய் குறைவாகவே பரவியிருந்தது என்பது இதனால் விளங்கும். பின்னர் அங்கு நோய் மிகுந்தது உண்மையே. முதியோர் விகிதமும் அங்குச் சற்று அதிகம். எனினும், 2021-இன் இறுதியில், முன்பு விடுபட்ட மரணங்கள் பலவற்றைக் கேரளம் மறு ஆய்வு செய்து கணக்கில் சேர்த்ததையும் மறத்தலாகாது.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். முதியோர் இல்லங்களில் நோய் ஐயத்துடன் இறந்தோரையும் பெல்ஜியம் கணக்கில் சேர்த்தது. அதன் விகிதம் உயர்ந்தது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து, நோய் உறுதியான 28 நாட்களுக்குள் இறந்தோரை மட்டுமே எண்ணுவதென முடிவு செய்தது. பிரிட்டனின் மொத்தக் கணக்கில் ஒரே நாளில் 5,000-க்கும் மேற்பட்ட மரணங்கள் குறைந்தன.

ஆகவே அறிஞர்கள், வழக்கமான ஆண்டுகளைவிட மிகுதியாக நிகழ்ந்த மரணங்களையே ஒப்பிடுகின்றனர். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவில் இம்மிகுதி சுமார் 47 இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது; இந்திய அரசு அம்முறையை ஏற்கவில்லை. இத்தகைய ஐயங்களை அகற்றவல்லது முழுமையான மரணப் பதிவேடே.

மரணம் நிகழ்ந்த 21 நாட்களுக்குள் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். எந்தக் குடியிருப்பிலும் ஒரு மரணமேனும் விடுபடாதவாறு களப்பணியாளர் கவனித்தல் அவசியம். ‘எத்தனை பேர் இறந்தனர்?’ என்பதுடன் ‘எத்தனை பேருள்? எவ்வாறு எண்ணினர்?’ என்று வினவவும் மாணவரைப் பழக்குதல் ஆசிரியரின் கடமையாகும்.