காடு மூடிய வயலில் முதற் போகம்

ஆவணி மாதத்து வெயில். வன்னிக் கிராமம் ஒன்றில், ஒருகாலத்தில் வயலாக இருந்த பற்றைக்காட்டின் ஓரத்தில் ஒரு முதியவரும் அவரது மகனும் நிற்கின்றனர். ஊரைவிட்டு வெளியேறியபோது மகன் சிறுவன். இன்று அவர் இரு பிள்ளைகளின் தந்தை. கையில் கத்தியுடன் வந்திருக்கிறார்.

"அப்பா, எங்கட காணி எதுமட்டும்?"

"அந்த மருதமரத்தில இருந்து வாய்க்கால்மட்டும். ஆனா இப்ப உள்ளுக்க இறங்காதை ராசா. முதல்ல விதானையாரைக் கேப்பம்."

2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இப்படித் தமது வயலோரத்தில் வந்து நின்ற குடும்பங்கள் அநேகம். கையிலிருக்கும் சிறு பணம், அடகு வைத்த நகை, கடனாகப் பெற்ற விதைநெல் யாவும் முதற் போகத்திலேயே போடப்படுகின்றன. அந்தப் போகம் பிழைத்தால் அடுத்த போகத்துக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. எனவே விதைப்புக்கு முன் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகச் செய்வதே முக்கியம்.

முதலில் உயிர்

முதியவர் சொன்னதே சரி. காணி வெடிபொருட்கள் அகற்றப்பட்டு முறையாகக் கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறிந்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும். பக்கத்து வயலில் உழுகிறார்கள் என்பது அத்தாட்சி ஆகாது. பற்றைக்குத் தீ வைப்பது இலகுவான வழியாகத் தோன்றும். ஆனால் வெப்பத்தால் வெடிபொருள் வெடிக்கக்கூடும். மண்ணில் மக்கவேண்டிய இலை, சருகும் சாம்பலாகிவிடும். சந்தேகமான பொருள் எதையேனும் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, அந்த இடத்தை மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தி, உடனே அறிவியுங்கள். பிள்ளைகளை முதல் நாட்களில் வயலுக்குக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

எல்லையும் பத்திரமும்

வரம்பு அழிந்த இடத்தில் அயலவருடன் மனத்தாங்கல் வருவது இயல்பு. உழவுக்கு முன்னரே இரு பக்கத்துக் காணிக்காரரையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் அழைத்து, எல்லையை நடந்து பார்த்துக் கட்டை நடுங்கள். உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால் பிரதி பெறுவதற்குக் காலம் தாழ்த்தாது விண்ணப்பியுங்கள். கமநல சேவை நிலையத்தில் உங்கள் வயல் பதிவில் உள்ளதா எனவும் பாருங்கள். உர மானியம், பயிர்க் காப்புறுதி ஆகியவற்றுக்கு அந்தப் பதிவு தேவைப்படும். குளத்து நீரை நம்பிய வயலானால், போகத்துக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். நீர் திறக்கும் நாளும் விதைப்பை முடிக்கவேண்டிய நாளும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன.

எவ்வளவு நிலம்?

ஐந்து ஏக்கர் இருந்தால் ஐந்தையும் இவ்வருடமே விதைக்க மனம் ஆசைப்படும். பொறுங்கள். வீட்டில் எத்தனை பேர் வேலை செய்ய முடியும், கடனின்றி எவ்வளவு செலவிட முடியும் என்று குடும்பமாக இருந்து கணக்குப் பாருங்கள். கணவரை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் தாய்மாருக்கு இக்கணக்கு இன்னும் அவசியம். அரைகுறையாக உழுத ஐந்து ஏக்கரிலும் பார்க்க, நன்றாகப் பண்படுத்திய ஒரு ஏக்கர் வீட்டுக்குச் சோறும் அடுத்த போகத்துக்கு விதையும் தரும். மிகுதியை ஆண்டுக்கு ஒரு துண்டாக வெட்டித் திருத்தலாம்.

பற்றையும் வரம்பும்

பற்றையை மேலே வெட்டினால் மட்டும் போதாது. சீமை உடை போன்றவை அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளைக்கும். எனவே வேருடன் கிளப்ப வேண்டும். வெட்டிய முள்ளை வேலிக்கும் தடியை விறகுக்கும் எடுங்கள். வாய்க்கால் ஓரத்து மருதமரத்தை விட்டுவிடுங்கள். அதன் வேர் கரையைக் காக்கும்.

அடுத்த வேலை வரம்பு. எலிவளையும் புற்றும் உள்ள வரம்பில் நீர் நில்லாது. ஓட்டைகளை வெட்டித் திறந்து, ஈரமண் இட்டு மிதித்து இறுக்குங்கள். வாய்க்கால் துப்புரவை அயலவருடன் சேர்ந்து சிரமதானமாகச் செய்தால் கூலி மிஞ்சும். பழைய உறவும் புதுப்பிக்கப்படும்.

இரண்டு உழவு

நெடுங்காலம் தரிசாகக் கிடந்த நிலத்தில் களை விதையும் கோரைக் கிழங்கும் நிறைந்திருக்கும். ஒரே உழவில் விதைத்தால் நெல்லை முந்திக்கொண்டு களை எழும்பும். முதல் மழைக்குப் பின் ஒருமுறை உழுது விடுங்கள். கிளறப்பட்ட கோரைக் கிழங்கு வெயிலில் காயும். மண்ணிலுள்ள களை விதை முளைக்கும். ஏறத்தாழ இரண்டு கிழமைக்குப் பின் இரண்டாம் உழவில் அக்களையை மடித்துப் புதையுங்கள். புதைத்த பசுந்தழை மக்குவதற்கும் இந்த இடைவெளி வேண்டும். மக்குமுன் விதைத்தால் பயிர் மஞ்சளிக்கும்.

அரை அடிக்கு மேல் ஆழமாக உழ வேண்டாம். கீழுள்ள இறுக்கமான படையே வயலில் நீரைத் தாங்கி நிற்கிறது. மானாவாரி நிலமானால் புழுதி விதைப்புக்கு ஏற்ற பதம் வரும் நாளைத் தவறவிடாதீர்கள். குளத்து நீர் கிடைக்கும் இடத்தில் சேற்று விதைப்பே நன்று. மட்டப்பலகை அடித்துச் சமப்படுத்திய வயலில் நிற்கும் நீர் களையை அடக்கும்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. கடையில் உரமில்லாத காலமும் வரலாம் என்பதை அப்போது கண்டோம். காவிளாய், கிளிறிசிடியா, பூவரசந்தழை ஆகியவற்றை இரண்டாம் உழவுக்கு முன் பரப்புங்கள். அறுவடையின் பின் வைக்கோலை எரிக்காது வயலுக்கே கொடுங்கள். பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் உள்ளது.

விதையைச் சோதியுங்கள்

கடனாக வாங்கிய விதைநெல்லை அப்படியே வீச வேண்டாம். நூறு மணியை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்குக் காயாமல் பார்த்துக்கொண்டு, ஐந்தாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள். எண்பத்தைந்துக்கு மேல் என்றால் நல்ல விதை. ஏக்கருக்கு 2 புசல், அதாவது ஏறத்தாழ 42 கிலோ, போதும். பாதிதான் முளைத்தால் வேறு விதை தேடுங்கள். பன்றிநெல் கலந்த விதையையும் வாங்காதீர்கள். ஒருமுறை விழுந்தால் பல போகங்களுக்கு அது தொல்லை தரும். மழை பிந்தினால் மூன்றரை மாத இனத்தை விட்டு மூன்று மாத இனத்தை விதைப்பது நல்லது.

அந்த முதியவரும் மகனும் அன்று கத்தியை வைக்காமலே வீடு திரும்பினர். மறுநாள் விதானையாரிடம் போனார்கள். உழவு ஒரு கிழமை பிந்தியது உண்மை. ஆனால் காணி துப்புரவானது என்று அறிந்து இறங்கினார்கள். அயலவருடன் எல்லைக்கட்டை நட்டார்கள். மருதமரத்தை அண்டிய ஒரு ஏக்கரை மட்டும் திருத்தினார்கள். மிகுதி நாலு ஏக்கரும் இன்னும் பற்றைதான். அதற்கு அடுத்த ஆவணி இருக்கிறது.